முகூர்த்த ஜாக்கெட்டில் ஒரு கோம்பை நாய்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், கம்பத்தில் இருக்கும் என் தையல் கடையில் நடந்தது இது. நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. போனில் அதைவிட மோசம். அதனால் இதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என்னோடு கடையில் வேலை பார்க்கும் என் மதினி, அண்ணன் மனைவிதான் பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் துணியில் விழுந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. உண்மையில் அது கடுகளவு ஓட்டைதான்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வயது நாற்பத்தேழு. ஜாக்கெட் தைப்பதுதான் தொழில். நான்கு வருடங்களுக்கு முன் திருப்பூரில் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழைய எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வாங்கினேன். அதோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. பிரவுசிங் சென்டரில் நான் பார்த்திருந்த கம்ப்யூட்டர் மாதிரி அது இல்லை. யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ் என்று விற்றவர் சொன்னார். படத்தைத் தையலாக மாற்றித் தரும் இலவச புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி உலகத்துக்கே சும்மா கொடுத்தது. அதை ஓட்டுவதற்குக் கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும்.

விற்றவர் அரை நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன். இடது பக்கம் மார்பு முப்பத்தாறு, கை நீளம் பத்து என்று இருக்கும். வலது பக்கம் கம்ப்யூட்டர் கட்டளை இருக்கும். நான் அடிப்பதை மட்டுமில்லை, திரை சொல்லும் பதிலையும் அப்படியே பார்த்து எழுதி வைப்பேன். அர்த்தம் தெரியாது. அளவு எழுதுகிறவளுக்கு எழுதும் பழக்கம்தான் முக்கியம், அர்த்தம் அப்புறம்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோம்பையிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். முகூர்த்தப் பட்டுப் புடவையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி, அரக்கு நிறம். இப்போதெல்லாம் கல்யாணப் பெண்கள் கைப்பகுதியில் பல்லக்கு, யானை, மாப்பிள்ளை பெயர் என்று கேட்பார்கள். இந்தப் பெண் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கோம்பை நாய். செம்மண் நிற உடம்பு, கறுத்த வாய். வீட்டில் எட்டு வருடமாக இருக்கிறதாம். பெயர் கருவாயன்.

அவள் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "யாராச்சும் முகூர்த்த ஜாக்கெட்டுல நாயைப் போடுவாகளா டெய்லரம்மா? நீங்களே சொல்லுங்க."

என்னால் எதையும் சொல்ல முடியாது என்பது ஊருக்கே தெரியும். மகள்தான் பதில் சொன்னாள். "மயிலைப் போடலாம்னா இதைப் போடக் கூடாதா? மயிலு நம்ம தக்காளியைத் தின்னுச்சு. இது தோட்டத்தைக் காவல் காத்துச்சு."

"மாப்பிள்ளை வீட்டுக்காரக பாத்தா என்ன நெனப்பாக?"

"கடிக்குமான்னு கேப்பாக."

மதினி கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார். மயில் வலது கையில், மாப்பிள்ளை பெயரோடு. நாய் இடது கையில், முந்தானை விழுந்து பாதி மறைக்கிற பக்கம். பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அம்மா அரை மனதாகத் தலையாட்டினார்.

அளவு எடுக்கும்போது அம்மா வெளியே பூ வாங்கப் போயிருந்தார். அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்கப்புறம் தேனியில வாடகை வீடுக்கா, ரெண்டாவது மாடி. அதைக் கூட்டிட்டுப் போக முடியாது. அன்னைக்கு ஒரு நாளாச்சும் என்கூட மணவறையில இருக்கட்டும்." அதுவரை துடுக்காகப் பேசிக்கொண்டிருந்தவள், அதைச் சொல்லும்போது மட்டும் போனில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுடலாம் என்றேன். அன்று நான் அவளிடம் பேசிய ஒரே சொல் அதுதான்.

மயில் நான் பத்துத் தடவை போட்ட டிசைன், மாப்பிள்ளை பெயரும் எப்போதும் போல இங்கிலீஷ் எழுத்தில்தான். நாய்ப் படத்தை வரைவதற்கு மூன்று நாள் ஆனது. வாயும் காதும் சரியாக வந்துவிட்டன. பிரச்சினை எழுத்தில் வந்தது. நாயின் பெயரைத் தமிழில் போடச் சொல்லியிருந்தாள். தமிழில் பெயர் போட்டால் என் புரோகிராம் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டது. கிழிந்த துணியில் ஓட்டிப் பார்த்தபோது துணைக்கால் தனியாக நடந்து போயிருந்தது. கருவாயனுக்கு வாயே இல்லை என்று மதினி சிரித்தார்.

புரோகிராமுக்கான இணையப் பக்கத்தில் தேடினேன். தமிழ், மலையாளம் எழுத்துகளைச் சரி செய்ய ஒரு பேட்ச் இருக்கிறது என்று போட்டிருந்தது. பேட்ச் என்றால் பெரிய சங்கதி இல்லை, நம் ஆல்டரேஷன் சீட்டு மாதிரிதான். இந்த வரியை எடு, அந்த இடத்தில் இந்த வரியை வை என்று குறித்திருக்கும் ஒரு சின்னக் கோப்பு. முழு புரோகிராமையும் மாற்றாமல் அந்த இடத்தை மட்டும் திருத்திக் கொள்ளலாம். அந்த இணையப் பக்கத்தில் மொத்தம் இரண்டு பேட்ச் இருந்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, வரிசையாகப் போடவும் என்று எழுதியிருந்தது. விற்றவரைக் கேட்கலாம் என்று போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. நானே போட்டுவிடலாம் என்று துணிந்தேன். வியாழக்கிழமை முகூர்த்தம். செவ்வாய்க்கிழமை ஜாக்கெட்டைக் கொடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

இங்கே எங்கள் பஜார் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் முதல் போணி ஆகும் வரை கடைக்குள் 'இல்லை', 'வேண்டாம்' என்ற சொல் வரக் கூடாது. கேட்ட நிற நூல் இல்லாவிட்டால்கூட "சாயங்காலம் வாங்க, நெறைய வருது" என்றுதான் சொல்வோம். மதினி இதில் ரொம்பக் கண்டிப்பு. காலையில் டீ வேண்டுமா என்று கேட்டு நான் வேண்டாம் என்றால் கூடக் கோபித்துக்கொள்வார்.

முதல் பேட்சுக்கான கட்டளையை அடித்தேன். திரை இங்கிலீஷில் ஒரு நீளமான வாக்கியத்தைக் காட்டி, கடைசியில் கேள்விக்குறி போட்டு நின்றது.

"என்னமோ கேக்குது மதினி. எஸ்ஸா நோவான்னு."

"என்ன கேக்குது?"

"புரியல."

"போணியாகாத நேரத்துல நோவைப் போட்டு வைக்காத தாயி. எஸ்ஸுன்னே போடு. கேட்டா ஆமான்னுட்டுப் போக வேண்டியதுதான."

எனக்கும் யாராவது கேள்வி கேட்டால் ஆமாம் என்று சொல்லித் தப்பிப்பதுதான் சின்ன வயதிலிருந்தே வழக்கம். கேள்வியை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு, Y என்ற எழுத்தைத் தட்டினேன். திரை திருப்தியாகிவிட்டது. இரண்டாவது பேட்ச் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு காலேஜ் பெண் தொளதொளவென்று இருந்த சுடிதாரைப் பிடிக்கக் கொண்டுவந்தாள். போணி. "பாத்தியா?" என்றார் மதினி.

பழைய துணியில் பெயரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். கருவாயன் என்று முத்து முத்தாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். நாய்ப் படத்தை மறுபடி ஓட்டிப் பார்க்காமல், பட்டுத் துணியை நேராக ஃபிரேமில் பூட்டிவிட்டேன். முந்தின நாள் நன்றாக வந்த படம்தானே என்ற நினைப்பு.

முதலில் பெயர் வந்தது. உடம்பு வந்தது. காது வந்தது. கறுத்த வாய் அவ்வளவு அழகாக வந்தது. கண்ணுக்குப் போனதும் சத்தம் மாறியது. தையல்காரிக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். ஊசி நகராமல் ஒரே இடத்தில் டக் டக் டக் என்று இடிக்கும் சத்தம். ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. சரியாக நாயின் கண் இருக்க வேண்டிய இடத்தில்.

வேறு துணி கிடையாது. புடவையோடு நெய்து வந்த துணி, அதே அரக்கு வேறு எங்கே கிடைக்கும். மயில் ஏற்கெனவே முடிந்துவிட்டது, கைகளும் வெட்டியாகிவிட்டது. ஓட்டைக்கு மேல் கண்ணைச் சரியாகத் தைத்தால் மறைந்துவிடும். ஆனால் புரோகிராம் கண்ணுக்குப் போகும்போதெல்லாம் இப்படி இடித்தால் ஓட்டை சுண்டைக்காய் ஆகும், அப்புறம் எலுமிச்சம்பழம் ஆகும். துணியை ஃபிரேமிலிருந்து கழற்றவும் முடியாது. கழற்றினால் மறுபடி அதே இடத்தில் நூல் பிசகாமல் பூட்டுவது நடக்காத காரியம். வேறு துணியில் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஃபிரேம் ஒன்றுதான்.

மதினி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார். ஒரு நாற்காலியை இழுத்து மெஷினுக்கு முன்னால் போட்டு, யாரும் அதில் இடித்துவிடாதபடி காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

புரோகிராம் பக்கத்தில் உதவி கேட்க ஒரு இடம் இருந்தது. உலகம் முழுக்க இருப்பவர்கள் இங்கிலீஷில் எழுதுகிற இடம். எனக்கு எழுதத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றுதான், பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, காய்ச்சலால் அவதிப்படுவதால் என்று வரும் இடத்தில் ஊசி அவதிப்படுவதாகப் போட்டு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி என்று முடித்தேன். நோட்டில் இருந்த திரையின் கேள்வியையும் அடியில் சேர்த்தேன். எந்த ஊர் என்று எழுத வேண்டும் என்று தோன்றியது, கம்பம், தேனி மாவட்டம் என்று போட்டேன். அனுப்புவதற்கு முன் நாலு தடவை அழித்தேன். "இன்னும் என்னத்த அழிக்கிற, நாயே அங்கன கண்ணில்லாம கெடக்கு" என்று மதினி நாற்காலியிலிருந்து அதட்டியதால்தான் அனுப்பினேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. பதில் வந்தது, தமிழ் எழுத்தில். "சேச்சி, நீங்க கம்பமா? நான் குமுளிக்குப் பக்கத்துல. மெஷினைத் தொடாதீங்க. நம்பர் அனுப்புங்க, நான் விளிக்கிறேன்."

என் கடை வாசலில் நின்றால் குமுளி மலை தெரியும். எந்த நாட்டிலோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட கடிதத்துக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருந்தது. எழுத்துகளுக்கான அந்த இரண்டாவது பேட்சை எழுதியதே அந்தம்மாதானாம். மகளின் பள்ளிக்கூடப் பையில் மலையாளத்தில் பெயர் போடுவதற்காக எழுதினாராம். எஸ்டேட் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் வந்துவிட்டது என்று பிறகு சொன்னார். வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

போன் நாலு தடவை அடித்த பிறகுதான் எடுத்தேன். மேடம் என்று ஆரம்பித்தேன்.

"மேடம்னு விளிச்சா நான் போனை வச்சிருவேன் கேட்டோ. இப்ப ஸ்கிரீன்ல என்ன இருக்கு, அதை மட்டும் வாசிங்க."

வாசித்தேன். எனக்குப் புரியாத சொற்களை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பிறகு நோட்டில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கேட்டார். நான் காலையில் எழுதி வைத்த அந்தக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அங்கதான் இருக்கு சேச்சி. அது என்ன கேட்டுச்சுன்னா, இந்தத் திருத்தம் முன்னாலயே போட்டு இருக்கே, அப்ப பிரிச்சுப் போட்டுரட்டுமான்னு கேட்டுச்சு. நீங்க பிரிச்சுக்கோன்னு சொல்லிட்டீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. திருப்பூர்க்காரர் முதல் பேட்சை முன்பே போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். சின்ன வட்டங்களில் ஊசி ஒரே இடத்தில் குத்தாமல் பார்த்துக்கொண்டது அதுதானாம். ஏற்கெனவே சரியாக இருந்த தையலை நானே கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரித்திருக்கிறேன்.

அவருக்கு அதில் ஒரு சந்தேகம். N என்பதுதான் அங்கே சாதாரண பதில், சும்மா என்டர் தட்டினால்கூட அதுதான் விழும். மெனக்கெட்டு Y தட்டத் தோன்றியது எதனால் என்று நினைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. மதினிதான் நாற்காலியிலிருந்தே உரக்கச் சொல்லிவிட்டார், போணி ஆகவில்லை என்று. போணி என்றால் என்னவென்று விளக்கியதும் அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை. இந்த புரோகிராமை எழுதியவர்கள் யோசிக்காத காரணம் இது ஒன்றுதான் என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனில் நான் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

வேலைக்கு வந்தோம். முதலில் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு நகல் எடுக்கச் சொன்னார். இனி என்ன ஆனாலும் இதைவிட மோசமாகாது என்பதற்காக. பிறகு முதல் பேட்சை வெள்ளோட்டமாக மட்டும் ஓட்டச் சொன்னார். அந்தக் கட்டளையில் ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்தால், எதையும் மாற்றாமல், போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லுமாம். ஊசியில் நூல் கோக்காமல் மெஷினை ஓட்டிப் பார்ப்பது போல. இப்படி ஒன்று இருப்பது காலையிலேயே தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளோட்டம் ஒத்துவரவில்லை. ஒரு இடத்தில் பொருந்தவில்லை என்று திரை சொன்னது. வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அந்த வரிகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கும், அரை நாள் ஆகலாம், பொறுமையாகப் பார்க்கலாம் என்றார்.

எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். படித்தவர், இதையே தொழிலாகச் செய்கிறவர், அவருக்குத் தெரியாததா. ஆனால் ஃபிரேமில் அந்த நாய் கண்ணில்லாமல் கிடந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சேச்சி."

"லைனிங் வச்ச ஜாக்கெட்டுல உள்தையல் விட்டுப்போச்சுன்னா, மேல்தையல் இருக்கும்போது அதைப் போட முடியாது. மேலதைப் பிரிச்சிட்டு, உள்ளதைப் போட்டுட்டு, மறுபடி மேலதைப் போடணும். ரெண்டாவது பேட்ச் மேல இருக்கறதாலதான் ஒண்ணாவது பொருந்தலையோ?"

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து நோட்டைப் புரட்டினேன்.

"என்ட அம்மே" என்றார் மெதுவாக. "நான் எழுதுன பேட்ச். நான் யோசிச்சிருக்கணும்."

அப்படியே செய்தோம். இரண்டாவது பேட்சைப் பிரித்தோம். பிரிப்பதற்குக் கட்டளையில் R சேர்க்க வேண்டும் என்றார். அந்த ஒரு எழுத்துக்குத்தான் காலையில் எனக்கே தெரியாமல் ஆமாம் என்றிருக்கிறேன். முதல் பேட்சை வெள்ளோட்டம் விட்டோம். எல்லா இடமும் பொருந்தியது. நிஜமாகப் போட்டோம். பிறகு இரண்டாவதை மேலே போட்டோம். ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் அவர் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுவேன், அவர் சரி என்ற பிறகுதான் அடிப்பேன். அவசரமே படவில்லை. ஒரு தடவை அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அதைக்கூட எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தார்.

நாய்ப் படத்தை மறுபடி தையலாக மாற்றி, திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய கோப்பில் கண் இருந்த இடத்தில் புள்ளிகள் ஒரே குவியலாகக் கிடந்தன. புதியதில் பூ மாதிரி வட்டமாகப் பிரிந்து நின்றன. கண்ணை ஒரு சுற்று பெரிதாக்கிக்கொண்டேன், ஓட்டை முழுக்க உள்ளே போக வேண்டுமே. ஃபிரேமைக் கழற்றாமல் அடியில் ஒரு துண்டு ஒட்டுத்துணியைச் செருகினேன். நிறுத்திய இடத்துக்கு ஊசியைக் கொண்டுவருவது எனக்குக் கைவந்த வேலை. போனை மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் அவர், சத்தம் கேட்க வேண்டுமாம்.

மதினி நாற்காலியை விட்டு எழுந்து சாமி படத்தைப் பார்த்து நின்றார். நான் பொத்தானை அமுக்கினேன்.

ஊசி இடிக்கவில்லை. வட்டமாக ஓடியது. நாலே விநாடி. கறுப்பு நூலில் கண் வந்து உட்கார்ந்தது. நடுவில் வெள்ளை நூலில் நான் வைத்திருந்த ஒரு பொட்டும் விழுந்தது. அதோடு கருவாயன் முழித்துக்கொண்டான்.

"பாக்குதா?" என்று போனுக்குள்ளிருந்து கேட்டார்.

"பாக்குது" என்றேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மதினி போனைப் பிடுங்கி, நீ யாரு பெத்த பிள்ளையோ ஆத்தா, நல்லா இருப்ப என்று வாழ்த்த ஆரம்பித்துவிட்டார். குமுளியில் மிளகு என்ன விலை என்பது வரை பேசிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். நடந்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டை விழுந்ததைச் சொல்லி, கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று காட்டினேன். அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் நாயின் நெற்றியைத் தடவினாள்.

"நான் பஸ்ஸுக்குக் கெளம்பும்போது இப்படித்தாங்க்கா முழிச்சுப் பாக்கும். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

குமுளிக்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். உடனே அவருக்குப் போன் போடச் சொல்லி, கல்யாணத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று அவளே அழைத்துவிட்டாள்.

அவரும் ஜீப் பிடித்து மலையிறங்கி, மகளோடு கோம்பைக்கு வந்தார். மண்டப வாசலில் வைத்துத்தான் நாங்கள் முதல் தடவை பார்த்துக்கொண்டோம். போனில் அத்தனை தைரியமாகப் பேசியவர், நேரில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் என்னைப் போலவே கூட்டத்தில் பேச்சு வராதாம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ரொம்ப நிம்மதியாகச் சாப்பிட்டோம். மதினி எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண் எங்களைப் பார்த்து முந்தானையை லேசாக விலக்கிக் காட்டினாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா அதைக் கவனித்துவிட்டார். நான் மதினிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் குனிந்து பார்த்தார், விசாரித்தார், பிறகு நேராக என்னிடம் வந்தார். அவர் பிறந்த வீட்டில் ஒரு வெள்ளைப் பசு இருந்ததாம். கொம்பு ஒன்று வளைந்திருக்குமாம். அதை ஒரு ஜாக்கெட்டில் போட முடியுமா என்று கேட்டார். கோம்பையிலிருந்து கம்பம் வரும் வரை மதினி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்.

இப்போது அந்த இணையப் பக்கத்தில் பேட்ச் போடும் முறைக்குக் கீழே, முதல் பேட்ச் ஏற்கெனவே இருந்தால் அதை விட்டுவிடவும், கேள்வி கேட்டால் N தட்டவும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறது. வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு வரி தனியாக இருக்கிறது. தமிழ் வரிகளை எழுதிக் கொடுத்தது நான்தான். எந்தப் பேரும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாளை நினைக்கும்போது எனக்குக் கட்டளைகள் ஞாபகம் வருவதில்லை, அவை நோட்டில் இருக்கின்றன. ஞாபகம் வருவது வேறு. அத்தனை நேரம் பேசியும் அவர் ஒரு தடவைகூட, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று என்னைக் கேட்கவில்லை. இப்போது ஸ்கிரீனில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அப்படி இருந்ததில்லை. வேறு இடத்தில் வெட்டிக் கெடுத்த துணியை யாராவது கொண்டுவந்தால், யார் வெட்டினது, எதற்கு அங்கே கொடுத்தீர்கள் என்றுதான் முதலில் வாயில் வரும். அது ஒன்றுதான் எனக்குத் தாராளமாக வரும் பேச்சாக இருந்தது. போன மாதம் ஒரு பெண் பட்டுத் துணியைத் தானே வெட்டி, கழுத்தை அகலமாக்கிவிட்டு, பையைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். அவளை உட்காரவைத்து, மிச்சத் துணி எவ்வளவு இருக்கிறது, எடுங்கள் பார்ப்போம் என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோதுதான், அன்று என் கையில் இருந்த போனுக்குள்ளிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்பது முழுதாகப் புரிந்தது.